கடற்பனி மாடலிங்: கேட்டவையும் பதில்களும்

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறேன் சார். கடற்பனியின் போக்கைக் கணினியில் கணக்கிடும் மாடலிங்கை எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய மாடலை இறக்கி ஓட்டுவதில் தொடங்காதீர்கள். ஓடிவிடும், ஆனால் எது எதனால் நடக்கிறது என்று பிடிபடாது. பனியின் மேலிருந்து அடிவரை ஒரே ஒரு செங்குத்துத் தூணுக்கு நீங்களே பைத்தானில் எழுதுங்கள். செம்ட்னர் என்ற ஆய்வாளர் 1976-ல் தந்த எளிய வடிவம் போதும்.

அடியில் கடல்நீர் −1.8 டிகிரி, மேற்பரப்பு −30 என்று வையுங்கள். பனிக்கட்டியின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 2 (மீட்டருக்கு, டிகிரிக்கு வாட்). தடிமன் 1 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 56 வாட் மேலேறும். ஒரு கிலோ உறைய 334 கிலோஜூல் வெளியேற வேண்டும் என்பதால் அடிப்பக்கம் நாளுக்கு 1.6 செ.மீ. வளரும். இதன்மேல் 20 செ.மீ. வெண்பனி போடுங்கள். அதன் கடத்துதிறன் 0.3 மட்டுமே, எனவே வளர்ச்சி 0.7 செ.மீ.க்கு இறங்கிவிடும். கம்பளி போர்த்தியது போலத்தான். கையால் போட்ட இந்தக் கணக்கோடு உங்கள் நிரல் ஒத்துப்போகாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியை வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது பழகுங்கள். இந்தத் துறையில் அதற்கு ஓய்வு கிடையாது.

பனி நகர்வதை எப்படிச் சேர்ப்பது? பி-ஸ்டார் எண்ணுக்கு எந்த மதிப்பு சரி?

ஹிப்ளர் என்ற ஆய்வாளரின் 1979 மாடலில் பனி இழுவையைத் தாங்காது. நெருக்கினால் ஓரளவு தாங்கி, பிறகு நொறுங்கி முகடாகக் குவியும். எவ்வளவு தாங்கும் என்பதுதான் பி-ஸ்டார். முதலில் அவர் வைத்தது சதுர மீட்டருக்கு 5,000 நியூட்டன். இன்று பலரும் எடுப்பது 27,500. பனி திடீரென்று வலுவாகிவிடவில்லை, உள்ளே கொடுக்கும் காற்று மாறியது. பல நாள் சராசரிக் காற்றில் புயல்கள் மழுங்கிவிடும், அதற்குச் சிறிய எண் போதும். தினசரிக் காற்று பனியை அதிகம் நெருக்கும், எண் பெரிதாக வேண்டும். ஆகவே காற்றுத் தரவை மாற்றினால் இந்த எண்ணையும் மறுபடி பாருங்கள்.

வட துருவத்தை நெருங்கினாலே மாடல் ஓட்டம் வெடித்து, எண்கள் கட்டுக்கடங்காமல் போகின்றன.

தீர்க்கரேகைகள் அங்கே ஒன்றுகூடுகின்றன. ஒரு டிகிரி தீர்க்கரேகையின் அகலம் நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., 89 டிகிரியில் 2 கி.மீ.கூட இல்லை. கணக்குக்காகக் கடலைப் பிரிக்கும் கட்டம் குறுகினால் கால அடியும், அதாவது கணக்கு ஒரு முறைக்கு முன்னேறும் நேரமும், குறுக வேண்டும். இதற்காக ஒட்டுமொத்தக் கால அடியையும் சுருக்குவது வீண் செலவு. தெற்கே ஒன்று, வடக்கே இரண்டு என்று மூன்று துருவக் கட்டமைப்புக்கு மாறுங்கள். வடக்கிலுள்ள இரண்டு துருவங்களையும் கனடா, சைபீரியா நிலப்பரப்பின் மேல் வைத்துவிடுவார்கள், கடலில் சிக்கல் வராது.

என் மாடலின் செப்டம்பர் பனிப் பரப்பு செயற்கைக்கோளோடு அப்படியே பொருந்துகிறது. வெளியிடலாமா?

பரப்பை மட்டும் காட்டும் வரைபடத்தை நான் நம்பமாட்டேன். 15 சதவீதத்துக்கு மேல் பனியுள்ள கட்டத்தை முழுதாகப் பரப்பில் சேர்க்கிறார்கள், தடிமன் அதில் தெரியாது. வெளிர்மையை, அதாவது ஒளியைத் திருப்பும் அளவை, கொஞ்சம் திருகினால் எந்தப் பரப்பையும் வரவழைக்கலாம். திறந்த கடல் சூரிய ஒளியில் 7 சதவீதத்தைத்தான் திருப்பும், புது வெண்பனி 80-க்கு மேல், உருகுநீர்க் குட்டை இரண்டுக்கும் நடுவில். தடிமனை 2010 முதல் உள்ள கிரையோசாட்-2 செயற்கைக்கோள் தரவோடும், நகர்ச்சியைப் பனியோடு நகரும் மிதவைக் கருவிகளோடும் ஒப்பிடுங்கள்; கிரீன்லாந்துக்குக் கிழக்கே உள்ள ஃபிராம் நீரிணை வழியே வெளியேறும் பனியையும் பாருங்கள். மூன்றும் ஒத்துவந்தால் பேசலாம்.

கடற்பனி உருகினால் கடல் மட்டம் உயருமா?

ஏறக்குறைய இல்லை, அது ஏற்கெனவே மிதக்கிறது. கிரீன்லாந்து, அண்டார்டிகா நிலப்பனி உருகினால் உயரும்.

இந்தியாவில் எங்கே வேலை?

கோவாவில் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம், புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் (ஐஐடிஎம்). ஐஐடிஎம்மின் பருவநிலை மாடலில் கடற்பனிப் பகுதியும் உண்டு.

என் மாடலில் நடுக்குளிர்காலத்தில் அண்டார்டிகாவின் வெடல் கடலில் பனிக்குள் பெரிய ஓட்டை விழுகிறது. பிழையா?

1974 முதல் 1976 வரை நிஜமாகவே அங்கே ஓட்டை இருந்தது, சுமார் இரண்டரை லட்சம் சதுர கி.மீ. ஆனால் மாடலில் ஆண்டுதோறும் வந்தால் கோளாறுதான். உறையும்போது உப்பு வெளியேறி மேல்நீர் கனக்கிறது. கீழ்நீரைவிடக் கனத்துவிட்டால் கவிழும், ஆழத்து வெதுவெதுப்பான நீர் மேலேறிப் பனியைக் கரைக்கும். பனி நிரலைக் குடையாதீர்கள். மேற்பரப்பு உப்புத்தன்மையை ஆண்டுவாரியாக வரைந்து பாருங்கள். மெல்ல ஏறிக்கொண்டே போனால் நன்னீர் வரவு குறைவு: மழை-வெண்பனி, பனிப்பாறை உருகல் இரண்டையும் சரிபாருங்கள். ஏறவில்லை என்றால் செங்குத்துக் கலப்பைப் பாருங்கள்.