வாங்குவோர் கேள்வி-பதில்: பருப்பு, பயறு, புரத மா

கேள்வி: எங்கள் வீட்டில் மச்சத்தை முழுமையாக நிறுத்திவிட்டோம். சோறும் மரக்கறியும் உண்டால் புரதம் போதாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். விலை கூடிய புரத மா வாங்கத்தான் வேண்டுமா?
- வாசகி, உவர்மலை

பதில்: வேண்டியதில்லை. உடல்நலமுள்ள வளர்ந்தவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் போதும் என்பதால், 60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவைப்படுவது 50 கிராமுக்குச் சற்றுக் குறைவே. காலையில் அவிக்கும் 50 கிராம் கௌபியில் 12 கிராம், மதியக் கறிக்குப் போடும் 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12, நாள் முழுவதற்குமான 300 கிராம் அரிசியில் 20, மாலையில் கொறிக்கும் 30 கிராம் கச்சானில் 7 என்று கூட்டினால் கணக்கு நிறைந்துவிடும். இவை யாவும் சமைப்பதற்கு முன் நிறுத்த எடைகள். அரிசியில் குறைவாக உள்ள லைசீன் என்ற புரதக்கூறு பருப்பில் தாராளமாக உண்டு. பருப்பில் குறைவான மெதியோனின் என்ற இன்னொரு கூறை அரிசி ஈடுசெய்யும். இரண்டையும் ஒரே வேளையில் உண்ணவேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் மட்டும் நம்பினால் உறவினர் சொல்வது சரியாகிவிடும். பாலையும் தயிரையும்கூட நிறுத்தியிருந்தால், வைட்டமின் பி12 மாத்திரை பற்றி வைத்தியரிடம் அவசியம் கேளுங்கள்.

கேள்வி: கறிக்கு நிறையத் தேங்காய்ப்பால் விடுகிறோம். அதில் புரதம் கிடைக்காதா?
- வாசகர், தம்பலகாமம்

பதில்: மிகச் சொற்பம், அதில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு.

கேள்வி: உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்த என் மகனுக்கு, தாவரப் புரத மா என்று சொல்லி, பெரிய வாளியிலிருந்து அள்ளிப் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார்கள். என் ஒரு வாரக் கூலி போய்விட்டது. குடித்த நாளிலிருந்து அவனுக்கு வயிற்றுப்போக்கு. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
- தந்தை, சாம்பல்தீவு

பதில்: ஐயா, உங்கள் மீது எந்தக் குறையும் இல்லை, பிள்ளையின் உடம்பு தேறவேண்டும் என்ற உங்கள் ஆசையை வைத்து உழைப்பைப் பறித்திருக்கிறார்கள். முதலில் மகனை வைத்தியரிடம் காட்டுங்கள். எஞ்சிய மாவைக் கொட்டிவிடாமல் பையோடு பத்திரப்படுத்தி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். அந்தச் சபைக்கான 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டு இல்லையென்றால், வாங்கிய நாளையும் தொகையையும், தொலைபேசியில் வந்த செய்தி ஏதும் இருந்தால் அதையும் இணையுங்கள்.

லேபிள் இல்லாத மாவை ஏன் தொடக்கூடாது என்பதை எல்லோருக்குமாக விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வழக்கமான ஆய்வுகூடச் சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. உணவிலுள்ள நைதரசனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று கணிக்கிறது. ஆகவே நைதரசன் கொண்ட மலிவான பொருள் எதைக் கலந்தாலும் புரதம் கூடியதுபோல் எண் காட்டும். 2008 இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் இரசாயனத்தைக் கலந்ததும் இந்த வழியில்தான். அந்தப் பால்மாவைக் குடித்த குழந்தைகளின் சிறுநீரகங்களில் கல் உண்டாகி, உயிர்களும் போயின. உற்பத்தியாளர் யார், எந்தத் தொகுதி, எப்போது காலாவதி என்று தெரியாத மாவில் எது கலந்திருந்தாலும் யாரைப் பிடித்துக் கேட்பது? லேபிள் உள்ள பொதியிலும் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற வரியைத் தேடுங்கள். புரதம் நிறைந்தது என்று அச்சிட்டிருந்த ஒரு கஞ்சி மாவை நான் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அந்த வரியில் இருந்தது 9 கிராம், சேர்பொருள் பட்டியலில் அரிசிக்கு அடுத்து நின்றது சீனி. அரைக் கிலோ மைசூர்ப் பருப்பில் ஏறக்குறைய 120 கிராம் புரதம் உண்டு. பருப்பின் விலையை 120 ஆல் வகுத்து, புரத மாவின் விலையை அதன் மொத்தப் புரதக் கிராமால் வகுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பணப்பையைத் திறவுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பசுப்பாலுக்குப் பதிலாக ஒரு பெட்டி நிறைய பாதாம் பால் வாங்கினேன். குடிக்கத் தொடங்கிய பிறகே ஒரு கோப்பையில் 1 கிராம் புரதம்தான் என்று கண்டேன். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
- வாசகி, திருகோணமலை நகரம்

பதில்: அவர் ஏன் எடுக்கவேண்டும்? அந்த 1 கிராம் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது; சேர்பொருள்களில் முதலில் தண்ணீர் என்றும் இருந்திருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர் பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கவேண்டும். இனி, சீனி சேர்க்காத, கல்சியம் சேர்த்த சோயாப் பால் வாங்குங்கள்; ஒரு கோப்பையில் 6 முதல் 8 கிராம் வரை கிடைக்கும்.

கேள்வி: சோயா மீற் ஆண்களுக்குக் கூடாது என்கிறார்களே?
- வாசகர், கிண்ணியா

பதில்: சாதாரணமாக உண்ணும் அளவில் ஆண்களின் ஹோர்மோனை அது குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உலர்ந்த நிலையில் ஏறக்குறைய பாதி எடை புரதம்தான் என்பதால் கொடுத்த காசுக்கு அது நல்ல உணவு. சுடுநீரில் ஊறவிட்டு, நுரைத்த நீரை இரண்டு முறை பிழிந்து ஊற்றிவிட்டால் பச்சை வாடை போய்விடும். பொதிக்குள் வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம். அதை ஒதுக்கிவிட்டு உங்கள் வீட்டுத் தூளைப் போடுங்கள்.

கேள்வி: வீதியோரம் லொறியில் விற்ற பயறு 5 கிலோ வாங்கினேன். வீட்டில் நிறுத்தால் 4.4 கிலோ.
- விதவைத் தாய், மூதூர்

பதில்: அம்மா, 600 கிராம் பயறு என்றால் உங்கள் வீட்டில் பல நாள் காலை உணவு. வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் கடமை. முத்திரையில்லாத தராசில் வாங்காதீர்கள். அதே லொறி மீண்டும் வந்தால் அதன் இலக்கத்தைக் குறித்து 1977 க்கு அறிவியுங்கள். தராசில் மோசடி செய்கிறவரிடம் பரிவு காட்ட நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர்.

கேள்வி: பயற்றை முளைகட்டினால் புரதம் இரட்டிப்பாகுமா? முளைப்பயறு பொதிக்கு இருமடங்கு விலை கேட்கிறார்கள்.
- வாசகர், நிலாவெளி

பதில்: ஆகாது. கூடுவது தண்ணீரின் எடை. வைட்டமின் சி சிறிது கூடும், செரிமானமும் இலகுவாகும். ஊறவைத்த பயற்றை ஈரத்துணியில் முடிந்து ஓர் இரவு வைத்தால் அதே முளை உங்கள் வீட்டிலேயே வரும்.