மொட்டை மாடியில் மீனும் கீரையும்: கேட்டவர்களுக்குப் பதில்

ஆறு வருடமாக மாடியில் மீன் வளர்த்து, அதே தண்ணீரில் கீரையும் எடுக்கிறேன். அக்வாபோனிக்ஸ் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அண்ணா, ஆயிரம் லிட்டர் தொட்டி வாங்கியாச்சு. ஞாயிற்றுக்கிழமை மீன் விடலாமா?

வேண்டாம் தம்பி. நானும் மூன்றாம் நாளே நாற்பது குஞ்சுகளை விட்டேன், ஒரு வாரத்தில் முக்கால்வாசியை அள்ளித் தென்னைக்கு அடியில் புதைத்தேன். மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றினால்தான் மீனும் பிழைக்கும், செடிக்கும் சாப்பாடு. மீன் தொட்டித் தண்ணீர் மோட்டாரில் ஏறி, செடி நட்ட ஜல்லி வழியாகத் திரும்பத் தொட்டிக்கு இறங்கும்; இந்த இரண்டு கூட்டமும் அந்த ஜல்லியில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மோட்டாரை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அழுக விடுங்கள். தண்ணீரில் இவை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சோதனைச் சொட்டு மருந்து அலங்கார மீன் கடையில் கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, பூஜ்யத்துக்கு வந்தபின் பத்து மீன் விடுங்கள், பத்தே பத்து. ஏற்கெனவே ஓடுகிற தொட்டியிலிருந்து யாராவது ஒரு வாளி ஜல்லி கொடுத்தால் சீக்கிரம் ஆகும். தயிருக்கு உறை ஊற்றுகிற கதைதான்.

மாடி தாங்குமா சார்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை, நீங்கள் கேட்டது நல்லது. ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ, அதாவது ஒரு சாண் தண்ணீருக்கும் குறைவு. ஆயிரம் லிட்டர் என்பது தண்ணீர் மட்டுமே ஒரு டன், ஜல்லி அதைவிடக் கனம். பொறியாளரிடம் காட்டாமல் வைக்காதீர்கள். நான் சின்னச் சின்ன டிரம்களாகப் பிரித்து, தூணும் பீமும் போகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஜல்லி எது வாங்குவது?

கட்டுமானத்துக்கு வாங்கும் 20 மிமீ கருங்கல் ஜல்லி போதும், ஒரு அடி ஆழம், தூசு போகிற வரை கழுவ வேண்டும். நாலு கல்லில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம்.

என்ன மீன்? வீட்டில் நாங்கள் சைவம்.

அப்போது கோய் கார்ப் என்ற அலங்கார மீன்தான், யாரும் யாரையும் சாப்பிட வேண்டாம். சாப்பிடுவதற்கு என்றால் திலாப்பியா சுலபம், ஆனால் இங்கே அதை வளர்க்க அனுமதி வேண்டும், மீன்வளத் துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை. கட்லா, ரோகுவுக்குக் குளம் வேண்டும். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், அதனால் கரண்டு போனாலும் பிழைக்கும். சிறியதைப் பெரியது தின்றுவிடும், அளவு பார்த்துப் பிரித்து வையுங்கள்.

கரண்டு போனால் கோய் என்ன ஆகும்?

நெருக்கமாக விட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கட்டாயம், மீன் வாங்குவதற்கு முன்பே வாங்குங்கள்.

போர் தண்ணீர், பிஎச் 8. புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை.

இரும்புச் சத்து இல்லை. தீவனத்தில் அது குறைவு, அதிலும் பிஎச் 8 என்றால் காரத் தண்ணீர், அதில் இருக்கும் இரும்பும் வேருக்குக் கிடைக்காது. இரும்பைக் கரைந்தபடியே பிடித்து வைக்கும் உரத்துக்கு இரும்பு செலேட் என்று பெயர். உரக்கடையில் சும்மா அப்படிக் கேட்டால் ஈடிடிஏ வகையைக் கொடுத்துவிடுவார்கள், அது பிஎச் 6.5 தாண்டினாலே பிடியை விட்டுவிடும். டிடிபிஏ 7.5 வரை தாங்கும். உங்களுக்கு ஈடிடிஎச்ஏதான். தண்ணீர் சிவந்துபோகும், பயப்படாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்துக் கலந்தால் பிஎச்சும் மெல்ல இறங்கும்.

கத்தரியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடிக்கலாமா அண்ணா?

ஐயோ, வேண்டாம். வேப்பெண்ணெயும் அதில் கலக்கும் சோப்பும் சொட்டி இறங்குவது நேராக மீன் தொட்டிக்குத்தான். பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துத் தேய்த்துவிடுங்கள், ரொம்ப மோசமான கிளையை வெட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டிக்குள் விழாமல்.