சியாட்டில் வாக்குச்சீட்டில் வரும் 'போர்ட் கமிஷனர்' யார்? அவருக்கு என்ன வேலை?

கேட்டவர் சியாட்டிலை அடுத்த பெல்வியூவில் புதிதாக அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். முதல் வாக்குச்சீட்டில் 'போர்ட் ஆஃப் சியாட்டில், கமிஷனர்' என்று இருப்பதைப் பார்த்து, "நான் இருப்பது சியாட்டில்கூட இல்லையே, துறைமுகத்துக்கு நான் ஏன் ஓட்டுப் போட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

இதே குழப்பம் எனக்கு 2017-ல் வந்தது. அந்த ஆண்டு மூன்று இடங்களுக்குத் தேர்தல். மூன்றையும் காலியாக விட்டுவிட்டு உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் அன்றைய 'போர்ட் டிரஸ்ட்' என்றால் டெல்லி பார்த்து ஆள் போடும் இடம். சேர்மன் வருவார், போவார். ஊர்க்காரனிடம் யாரும் கேட்டதில்லை. போதாததற்குக் கமிஷனர் என்றால் நமக்கு போலீஸ் கமிஷனர், கமிஷன் என்றால் தரகு. இது இரண்டும் இல்லை என்பது மட்டும் புரிந்தது. அடுத்த பிப்ரவரியில் வீட்டு வரி பில் வந்தது. பள்ளிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்த வரிகளுக்கு நடுவே 'போர்ட்' என்று ஒன்று. அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன்.

முதல் விஷயம், போர்ட் ஆஃப் சியாட்டில் என்பது சியாட்டில் மாநகராட்சியின் ஒரு துறை கிடையாது. அது தனி உள்ளாட்சி அமைப்பு. இங்கே 'போர்ட் டிஸ்ட்ரிக்ட்' என்பார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இப்படி 75 இருக்கின்றன. பெயரில் சியாட்டில் இருந்தாலும் எல்லை கிங் கவுண்டி (சியாட்டிலும் சுற்று ஊர்களும் சேர்ந்த, நம் மாவட்டம் போன்ற பகுதி) முழுவதும். அதனால் பெல்வியூ, ரெட்மண்ட், ரென்டன், கென்ட் எல்லாம் உள்ளே. ஐந்து கமிஷனர்கள், நான்கு ஆண்டுப் பதவி, கட்சிப் பெயர் கிடையாது. வார்டு பிரித்து எடுப்பதில்லை. ஐந்து பேரையும் கவுண்டி முழுவதும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறது. அதாவது ஒவ்வொருவருக்கும் 22 லட்சம் பேருக்கு மேல் உள்ள தொகுதி. ஒரு அமெரிக்க கீழவை உறுப்பினரின் தொகுதியைப் போல மூன்று மடங்கு! ஆனால் தெருவில் பத்துப் பேரை நிறுத்தி ஒரு கமிஷனர் பெயர் கேட்டால் ஒருவர் சொன்னால் அதிசயம்.

ஏன் இப்படி ஒரு அமைப்பு? நூறு வருடத்துக்கு முந்தைய கோபம்தான் காரணம். அன்றைக்கு சியாட்டில் கடலோரம் ரயில் கம்பெனிகளின் கையில் இருந்தது. இன்றைய அலாஸ்கன் வேயின் அந்நாளைய பெயரே ரயில்ரோடு அவென்யூ. தனியார் கப்பல்துறைகள் தம் இஷ்டத்துக்குக் கட்டணம் வைத்தன. 1911-ல் மாநில சட்டசபை துறைமுக மாவட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று கிங் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு இந்தத் துறைமுக அமைப்பை உருவாக்கினார்கள். முதல் கமிஷனர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஹைரம் சிட்டென்டன் என்ற ராணுவப் பொறியாளர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சால்மன் மீன் ஏறுவதைக் காட்ட பாலார்ட் லாக்ஸுக்கு (படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு) கூட்டிப்போவோமே, அந்த லாக்ஸின் முழுப்பெயரில் இருப்பது இவர்தான்.

இன்றைக்கு இவர்கள் கையில் இருப்பது துறைமுகம் மட்டும் இல்லை. நாம் ஊருக்கு விமானம் ஏறும் சீடாக் விமான நிலையம் இவர்களுடையது. அலாஸ்கா போகும் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் இடங்கள், மீன்பிடிப் படகுகளுக்கான ஃபிஷர்மென்ஸ் டெர்மினல், ஷில்ஷோல் படகுத்துறை, தனியாக ஒரு போலீஸ் படை எல்லாம் உண்டு. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஃபெர்ரி தாமதம் என்று இவர்களைத் திட்டாதீர்கள், அது மாநில அரசுடையது. போயிங் ஃபீல்ட் கவுண்டியுடையது.

சரக்குப் பெட்டகங்கள் மட்டும் கொஞ்சம் சிக்கலான கதை. சியாட்டிலும் பக்கத்து டகோமாவும் பல காலம் ஒருவர் வாடிக்கையை இன்னொருவர் இழுப்பதற்காகக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2015-ல் இரண்டும் சேர்ந்து நார்த்வெஸ்ட் சீபோர்ட் அலையன்ஸ் என்று ஒன்றைத் தொடங்கின. சரக்கு விஷயத்தில் இரண்டு ஊர்க் கமிஷனர்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிவெடுக்கிறார்கள்.

சரி, கமிஷனர் என்னதான் செய்வார்? அன்றாட நிர்வாகம் அவர் வேலை இல்லை. அதற்கு ஒரு நிர்வாக இயக்குநரை இந்த ஐந்து பேரும் சேர்ந்து அமர்த்துகிறார்கள். 2018-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் ஸ்டீவ் மெட்ரக், முன்னாள் கடலோரக் காவல்படை அதிகாரி. அவரை அமர்த்துவதும் அனுப்புவதும், பட்ஜெட், பெரிய ஒப்பந்தங்கள், கொள்கைகள், அப்புறம் வீட்டு வரி எவ்வளவு என்பது ஆகியவை கமிஷன், அதாவது இந்த ஐவர் குழுவின் கையில். சட்டப்படி வழக்கமான வரிக்கு உச்ச வரம்பு ஆயிரம் டாலர் மதிப்புக்கு 45 சென்ட். நடைமுறையில் வாங்குவது அதைவிட மிகவும் குறைவு. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு நூறு டாலரை ஒட்டி வரும். இந்தப் பணத்தில்தான் விமான நிலையம் ஓடுகிறது என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் கல்லா தனி. விமான கம்பெனிகள் கட்டும் கட்டணம், பார்க்கிங், கடை வாடகை என்று அது தன் காலில் நிற்கிறது.

கொள்கை யாருடையது, நிர்வாகம் யாருடையது என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு 2015-ல் நடந்ததைப் பார்க்கலாம். ஆர்க்டிக்கில் எண்ணெய் தோண்டப் போன ஷெல் கம்பெனியின் கப்பல்களை டெர்மினல் 5-ல் நிறுத்துவதற்காக, ஃபாஸ் மாரிடைம் என்ற நிறுவனத்துக்குக் குத்தகை கொடுக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டது அன்றைய தலைமை நிர்வாகி. கமிஷன் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. மே மாதம் போலார் பயனியர் என்ற ராட்சதத் தோண்டுமேடை வந்து நின்றபோது நூற்றுக்கணக்கானோர் கயாக் படகுகளில் போய் எதிர்ப்புக் காட்டினார்கள். கமிஷன் கூட்டங்களில் ஒரே கூச்சல். ஷெல் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஆர்க்டிக்கை விட்டு விலகிவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் 'நான் கையெழுத்துப் போடவில்லை' என்று ஒரு கமிஷனர் தப்பிக்க முடியாது என்று ஊர் அப்போது சொல்லிவிட்டது. என் கருத்தும் அதுதான்.

சரி, யார் இந்தப் பதவிக்கு வருகிறார்கள்? 2024-ல் இருந்த ஐவரைச் சொல்கிறேன். ஃபிரெட் ஃபெல்மேன் ஓர்கா திமிங்கிலங்களை ஆராய்ந்தவர், சுற்றுச்சூழல்காரர். சாம் சோ கொரியக் குடியேறிகளின் மகன். தென்கொரியாவில் பறவைக் காய்ச்சலால் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது இங்கிருந்து முட்டை ஏற்றுமதி செய்தவர். ரயன் கால்கின்ஸ் வியாபாரப் பின்னணி. டோஷிகோ ஹசெகாவா மாநில செனட்டர் பாப் ஹசெகாவாவின் மகள். ஹம்தி முகமத் சோமாலியாவிலிருந்து சிறு வயதில் அகதியாக வந்தவர். அந்த ஆண்டின் தலைவரும் அவரே. கடைசி இரண்டு பெண்களும் 2021-ல் பதவியில் இருந்தவர்களைத் தோற்கடித்து வந்தார்கள். கப்பல் தெரிந்தவர்தான் வர வேண்டும் என்று விதி இல்லை. இந்த எல்லைக்குள் வாழும் வாக்காளராக இருந்தால் நீங்களும் நிற்கலாம்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. சான் டியேகோவில் ஏழு பேர். ஐந்து நகரங்களின் கவுன்சில்கள் நியமிக்கின்றன. ஓரிகனின் போர்ட்லாண்டில் ஒன்பது பேரை ஆளுநர் நியமிக்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் மேயர். எனக்கு சியாட்டில் முறைதான் பிடித்திருக்கிறது, யாரும் கவனிக்காத தேர்தல் என்ற குறை இருந்தாலும்.

எச்1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் "வரி கட்டுகிறோம், ஓட்டு இல்லை" என்று புலம்புவார்கள். நியாயம்தான். ஆனால் கூட்டங்கள் எல்லாருக்கும் பொது. பொதுவாக மாதத்தின் இரண்டாவது, நான்காவது செவ்வாய். பேசப் பெயர் கொடுத்தால் போதும், பாஸ்போர்ட்டின் நிறத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு முறை சும்மா போய் உட்கார்ந்தேன். சீடாக்கில் 2008-ல் திறந்த மூன்றாவது ஓடுபாதையின் சத்தத்தைப் பற்றி ஒரு பாட்டி பேசினார். இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தும் நிறுத்தவில்லை. தலைவர் இருக்கையில் இருந்தவரும் தடுக்கவில்லை.

உங்கள் வாக்குச்சீட்டுக்கு வருவோம். போர்ட் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் வரும். ஒரு முறை மூன்று இடம், அடுத்த முறை இரண்டு. தபாலில் வரும் வாக்காளர் கையேட்டில் ஒவ்வொருவர் அறிக்கையும் இருக்கும், அரை மணி நேர வேலை. தேர்தல் நாளன்று தபாலில் போட்டால் முத்திரை மறுநாள் தேதியில் விழுந்துவிடலாம், அப்படியானால் ஓட்டு வீண். கடைசி நாள் வரை தள்ளிப்போட்டால் இரவு எட்டு மணிக்குள் நூலக வாசல் வாக்குச்சீட்டுப் பெட்டியில் (டிராப் பாக்ஸ்) போட்டுவிடுங்கள்.