அமெரிக்கத் தமிழர்கள் சிலர் 2024 தேர்தலில் கமலா ஹாரிஸை விட்டுவிட்டு டிரம்புக்கு வாக்களித்தார்களே, அவர்கள் செய்தியே படிப்பதில்லையா?

படிக்கிறோம். நான் நியூயார்க் டைம்ஸுக்குப் பத்து வருடமாகச் சந்தா கட்டுகிறேன். (பாதிக் காசு என் மனைவி தினமும் அந்தப் பத்திரிகையில் ஆடும் வேர்டில் என்ற சொல் விளையாட்டுக்குத்தான் போகிறது, அது வேறு கதை.) கேட்டவர் ஊரில் இருப்பவர் என்று நினைக்கிறேன். மன்னார்குடியில் இருக்கும் என் சித்தியும் இதையேதான் கேட்டார். ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த துளசேந்திரபுரம் அவருக்குப் பக்கத்து ஊர் மாதிரி. "நம்ம ஊர்ப் பொண்ணுடா, அவளுக்குப் போடாம வேற யாருக்குப் போடுவே?" என்றார். சித்தியிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. டிரம்ப் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள் இல்லை நான். 2020 தேர்தல் திருடப்பட்டது என்று நம்பவில்லை. ஓஹியோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டியிலிருந்து குடியேறியவர்கள் நாயையும் பூனையையும் தின்கிறார்கள் என்று அவர் சொன்னது அபத்தம். வாக்கு இயந்திரத்தில் மோசடி என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக, அந்த இயந்திரங்களைத் தயாரிக்கும் டொமினியன் நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டதும் தெரியும். அதனால் பின்னூட்டத்தில் யாரும் எனக்கு ஃபாக்ஸ் பாடம் எடுக்க வேண்டாம்.

என் கதை 2024 ஜூன் மாதத்தில் ஆரம்பிக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே பட்லர் கவுண்டியில் இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை நண்பர் வீட்டில் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த தேர்தல் நிதி திரட்டும் விழா முடிந்ததும், அப்போது அதிபராக இருந்து மறுபடியும் போட்டியிட்ட பைடன் மேடையில் அப்படியே நிற்க, ஒபாமா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போன வீடியோ அந்த வாரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் அரசியல் இல்லை, என் அப்பா.

அப்பா கடைசி மூன்று வருடம் மறதி நோயில் இருந்தார். கல்யாண வீட்டில் பாதி தூக்கிய கையும் பாதிச் சிரிப்புமாக நின்றுவிடுவார். அம்மா வந்து முழங்கையைத் தொட்டுத் திருப்பிக் கூட்டிப் போவாள். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் அவர் வாயைத் திறக்கும் முன்னே அம்மா பதில் சொல்லிவிடுவாள். ஒன்றரை வருடம் எங்களிடமே மறைத்தாள். பைடனுக்கும் அதே நோய் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கையைத் தொட்டுத் திருப்புகிற விதம் எனக்குத் தெரியும்.

அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். நண்பர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் வெட்டி ஒட்டின வீடியோ சார், பேப்பர் படிங்க" என்றார். பேப்பரில் அப்படித்தான் இருந்தது. வெள்ளை மாளிகை இந்த மாதிரி வீடியோக்களை மலிவான போலிகள் என்றது, பல செய்தி நிறுவனங்கள் அதையே திருப்பிச் சொல்லின. நியாயமாகப் பேச வேண்டுமென்றால், இத்தாலியில் நடந்த ஜி7 மாநாட்டில் பைடன் தனியாக விலகி நடப்பதாகச் சுற்றிய வீடியோ ஒன்றில் ஓரத்தை வெட்டியிருந்தார்கள் என்பது உண்மைதான். பைடன் அங்கே ஒரு பாராசூட் வீரரைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்திக்கொண்டிருந்தார். சரி. ஆனால் பைடன் தளர்ந்துவிட்டார் என்று அதே ஜூன் தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விரிவாக எழுதியபோது, மற்ற ஊடகங்களில் பலர் கேட்டது 'இவர்களுக்குச் சொன்னது யார், குடியரசுக் கட்சிக்காரர்கள்தானே?' என்பதைத்தான். சொன்னது நிஜமா என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

ஜூன் 27 அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் மோதிய தேர்தல் விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் கால் மணி நேரத்திலேயே, "மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம்" என்று பைடன் எங்கேயோ போய் நின்றார். (மெடிகேர் என்பது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு.) மறுநாள் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அவரைப் போட்டியிலிருந்து விலகச் சொன்னது. ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் கண் திறந்துவிட்டதாம்! அம்மா மறைத்தது பாசத்தால். இந்தப் பத்திரிகைக்காரர்கள் எதனால் கேட்காமல் இருந்தார்கள்? என் கோபம் அங்கேதான். பொய் எழுதினார்கள் என்றுகூட நான் சொல்லவில்லை.

அப்புறம் ஜூலை 13. என் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிற மைதானத்தில் டிரம்பைச் சுட்டார்கள். கூட்டத்தில் இருந்த முன்னாள் தீயணைப்புப் படைத் தலைவர் ஒருவர் குடும்பத்தைக் காக்கப் போய் இறந்தார். சிஎன்என் முதலில் போட்ட தலைப்பில் டிரம்ப் மேடையில் 'விழுந்தார்' என்று இருந்தது. உறுதியாகாத நிமிடங்கள், நிதானமாக எழுதினார்கள் என்று என் மகன் வாதாடினான். இருக்கலாம். அந்த நிதானத்தை மற்ற நாட்களிலும் பார்த்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

ஜூலை 21-ல் பைடன் போட்டியிலிருந்து விலகினார். அதன்பின் அவர் இடத்தில் வேட்பாளரான ஹாரிஸ் முதல் பெரிய பேட்டிக்கு உட்கார்ந்தது ஆகஸ்ட் 29-ல், அதுவும் பக்கத்தில் துணை அதிபர் வேட்பாளர் டிம் வால்ஸை வைத்துக்கொண்டு. பூமிக்கடியில் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதைத் தடை செய்வேன் என்று 2019-ல் சொன்னவர், இப்போது மாட்டேன் என்றார். எங்கள் மேற்கு பென்சில்வேனியாவில் அது பலருக்குச் சோறு. ஏன் மாறினீர்கள் என்று விடாமல் யாராவது கேட்டிருந்தால் அவருக்கே நல்லதாக இருந்திருக்கும். நான் டிரம்புக்குப் போட்டதற்கு விலைவாசி, எல்லை எல்லாமும் காரணம். ஆனால் அவரை ஆதரிக்கிறவன் ஏமாந்தவன் என்று ஊடகமும் நண்பர்களும் ஒரே குரலில் சொன்னதும் ஒரு காரணம்.

இதையெல்லாம் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? சனிக்கிழமை பேட்மின்டன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் நீக்கினார்கள். ஷட்டில்காக் டப்பா வாங்கிய கணக்கில் 40 டாலர் இன்னும் வரவேண்டியிருக்கிறது. பாட்லக் என்றால் ஆளாளுக்குப் பிரியாணி, குழம்பு என்று பிரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மட்டும் எப்போதும் தயிர்சாதம். என் மனைவி வைக்கும் வத்தக்குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு அநியாயம் என்று.

அந்த அட்லாண்டா விவாதத்தை நடத்திய இருவரில் ஒருவரான சிஎன்என் ஜேக் டாப்பர், 2025 மே மாதம் இன்னொரு பத்திரிகையாளருடன் சேர்ந்து பைடனின் தளர்ச்சி எப்படி மறைக்கப்பட்டது என்று ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். நவராத்திரிக்குப் போனபோது அதே நண்பர் வீட்டு டீப்பாயில் அந்தப் புத்தகம் கிடந்தது, பாதியில் ஒரு கல்யாணப் பத்திரிகையை அடையாளமாக வைத்து. நான் எதுவும் கேட்கவில்லை. தயிர்சாதத்தைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.