ப்ளூபெர்ரி இலை மஞ்சளாகுது, கிளை காயுது: செடியைப் புடுங்கிடலாமா?

கேள்வி: மைனஸ் 30 வரைக்கும் குளிர் போற ஊர். ரெண்டு வருஷம் முன்னாடி வச்ச ப்ளூபெர்ரி செடி ரெண்டும் இலை வெளுத்துப் போச்சு, ஒவ்வொரு குளிர்காலமும் கிளை காயுது, காயே புடிக்கல. கடைக்காரர் டானிக் அடிக்கச் சொல்றார். அடிக்கவா, இல்ல வேற செடி வைக்கவா?

பதில்: டானிக் வாங்காதீங்க. அந்தக் காசை மண் டெஸ்ட்டுக்குக் குடுங்க.

ஒரு இலையை வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. நரம்பு மட்டும் பச்சையா, நடுவுல எல்லாம் மஞ்சளா இருந்தா பெரும்பாலும் இரும்புச்சத்து ஏறலன்னு அர்த்தம். மண்ணுல இரும்பு இல்லாம இல்லங்க, இருக்கு, செடியால அதை உறிஞ்ச முடியல. ப்ளூபெர்ரிக்குப் புளிப்பு மண் வேணும், அதாவது மண்ணோட அமிலத்தன்மையைக் காட்டுற பிஎச் அளவு 4.5லேர்ந்து 5.5க்குள்ள. தக்காளி, கத்தரிக்கா சூப்பரா காய்க்கிற உங்க மண்ணுலயே இது பட்டினி கிடக்கும். டானிக் அடிச்சா கொஞ்ச நாள் பச்சை தெரியும், அப்புறம் மறுபடி மஞ்சள், நீங்க மறுபடி அதே கடைக்குப் போவீங்க. மண்ணைப் புளிப்பாக்க வினிகர், காபித்தூள் சக்கை எல்லாம் நம்பாதீங்க, அடுப்புச் சாம்பல் போடவே போடாதீங்க. தோட்டத்துக்குப் போடுற கந்தகம் தான் வழி, ஆனா அதை மண்ணுல இருக்கிற பாக்டீரியா தான் அமிலமா மாத்தணும், குளிர்ல அதுங்க வேலையே செய்யாது, அதனால மாசக்கணக்கா ஆகும். எவ்வளவு போடணும்னு டெஸ்ட் ரிசல்ட் பார்த்து முடிவு பண்ணுங்க.

இப்போ கிளை விஷயம். வாங்கும்போது டேக்ல என்ன ரகம்னு எழுதியிருந்துச்சு? வெறும் 'ப்ளூபெர்ரி, குளிர் தாங்கும்'னு மட்டும் தானே? இதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். சூடான ஊருக்குன்னு உருவாக்கின ரகத்தை மொத்தமா வாங்கி, ஒரு பனிப் படம் ஒட்டி விக்கிறாங்க, ரகம் பேர் போடலன்னா கேக்க ஆளில்ல. அந்த ரகத்துக்குக் கொஞ்சம் குளிர் போதும், நடுக் குளிர்காலத்துல நாலு நாள் வெயில் அடிச்சா முழிச்சுக்கும், அடுத்த பனியில மொட்டெல்லாம் கருகிடும். ரகம் பேர் சொல்லாத ஆள்கிட்ட இலவசமா குடுத்தாலும் வாங்காதீங்க. இல்லாத நீல ஸ்ட்ராபெர்ரிக்கு விதை விக்கிறவனும் இதே கூட்டம் தான்.

உங்க குளிருக்கு நார்த்ப்ளூ, நார்த்ஸ்கை மாதிரி குட்டை ரகம் கேளுங்க, மினசோட்டா பல்கலைக்கழகத்துல உருவாக்கினது. முழங்கால் உயரம் தான் இருக்கும், பனி கொட்டினா போர்வை மாதிரி மூடிக்கும், உள்ள கிளை பொழைச்சுக்கும். உங்க செடியில பனிக்கு மேல நீட்டிட்டு இருந்த கிளை மட்டும் காஞ்சிருக்கான்னு பாருங்க.

மண்ணே சரியில்லன்னா தொட்டியில வைக்கலாம், ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, எத்தனை பேர் இதுல செடியைப் பறிகொடுத்திருக்காங்க தெரியுமா. தரையில வேரை மண்ணும் பனியும் காப்பாத்தும், தொட்டியில நாலு பக்கமும் குளிர் ஏறும், வேருக்குக் கிளை அளவு தாங்குற சக்தி கிடையாது, அதனால டேக்ல போட்ட மைனஸ் கணக்கு தொட்டிக்குப் பொருந்தாது. இலையெல்லாம் கொட்டினதும் தொட்டியோட குழி தோண்டிப் புதைச்சிடுங்க, இல்ல ஹீட்டர் இல்லாத ஷெட்ல வச்சு மண் ரொம்பக் காயாம அப்பப்போ கொஞ்சம் தண்ணி விடுங்க. பாவம்னு வீட்டுக்குள்ள ஹீட்டர் பக்கம் கொண்டு வந்துடாதீங்க, குளிர் தூக்கம் கிடைக்கலன்னா அடுத்த வருஷம் ஒழுங்கா பூக்காது.

இவ்வளவு மெனக்கெட முடியாதுன்னா ஹாஸ்கப் வைங்க, அதுவும் நீலப் பழம் தர்ற, குளிர் தாங்குற ஒரு புதர்ச் செடி தான். மண்ணுல பிடிவாதம் இல்ல, பூ மைனஸ் 7 வரைக்கும் தாங்கும். ஆனா ஒரே நேரத்துல பூக்கிற வேற வேற ரகம் ரெண்டு வேணும், ஒரே ரகத்துல ரெண்டு செடி குடுத்து ஜோடின்னு சொல்லுவாங்க, ஏமாறாதீங்க.

பழைய செடியை இப்பவே புடுங்க வேணாம். வசந்தத்துல துளிர் வர்ற நேரம் நகத்தால பட்டையைக் கீறுங்க, உள்ள பச்சை தெரியிற இடம் வரைக்கும் உயிர் இருக்கு, அதுக்கு மேல மட்டும் வெட்டுங்க.