லேமினேட் போட்ட சான்றிதழை நம்பலாமா?

கேள்வி: எங்கள் பத்து மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். ஒடிசாக்காரர். ‘போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்தது’ என்று லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். இது போதுமா? – வாசகி, பெருங்குடி

பதில்: அந்தச் சான்றிதழைக் கையில் எடுத்து, அதைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்சியின் சொந்த லெட்டர்பேடாகத்தான் இருக்கும். கீழே ஆதார் நகல், அதன் மேல் ‘வெரிஃபைடு’ என்று நீல ரப்பர் ஸ்டாம்ப். ஆதார், ஆள் யார் என்பதற்கு அடையாளம். வழக்கு இருக்கிறதா என்பது அதில் தெரியாது. நோட்டரி கையெழுத்துக்கும் அதே மதிப்புதான். சிலர் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசியை, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்டை நீட்டுவார்கள். அது வெளிநாடு போகிறவர்களுக்குத் தருவது, உங்கள் வீட்டு வேலைக்கு அல்ல.

இன்னொரு கூட்டம், ‘ஆன்லைனில் தேடி ரிப்போர்ட் தருகிறோம்’ என்று கிளம்பியிருக்கிறது. எஃப்ஐஆர்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே, பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ, அந்த எஃப்ஐஆர் பொது இணையத்தில் கிடைக்காது. அவர்கள் மட்டும் எதைத் தேடினார்களாம்?

நீங்களே செய்துவிடலாம், பெரிய வேலை இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் போலீஸ் வெரிஃபிகேஷன் சேவை இருக்கிறது. வீட்டு வேலையாட்களுக்கென்றே அதில் ஒரு பிரிவு உண்டு. அவருடைய படம், அடையாள அட்டை, இப்போது தங்கியிருக்கும் முகவரி ஆகியவற்றைக் கொடுத்து, கட்டணத்தையும் ஆன்லைனிலேயே கட்டிவிடுங்கள். அவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை. ‘ஸ்டேஷன்ல பேசி சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்’ என்று ஏஜென்சிக்காரர் தலையைச் சொறிந்தால் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, ஒடிசா. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். இங்கே வரும் அறிக்கை தமிழ்நாட்டுப் பதிவுகளைப் பற்றியது. அவர் சென்னைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றால், ‘வழக்கு இல்லை’ என்பது அந்த ஆறு மாதத்துக்கான பதில். ஊரில் என்ன நடந்தது என்பதற்கு ஊர்க் காவல்துறைதான் பதில் சொல்ல வேண்டும். ஒடிசா போலீஸின் சிட்டிசன் போர்ட்டலில் அவரே நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பெங்களூரில் வேலை பார்த்திருந்தால் கர்நாடக அரசின் சேவை இணையதளமான சேவா சிந்துவிலும் அதே வேலை. சேலத்தில் பிறந்தவராகவே இருந்தாலும், ஐந்து வருடம் ஹைதராபாத்தில் இருந்திருந்தால் இதே சிக்கல்தான். பிறந்த ஊரை விட, வாழ்ந்த ஊர்களைக் கேளுங்கள். அப்புறம், முன்பு வேலை பார்த்த வீட்டின் எண்ணை ஏஜென்சியிடம் வாங்காமல் அவரிடமே கேட்டு வாங்கிப் பேசுங்கள். ஏஜென்சி தரும் எண்ணில் ஏஜென்சிக்காரரின் மைத்துனரே எடுத்து, ‘தங்கமான பொண்ணு சார்’ என்பார்.

‘எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல் இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அப்போதே அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆனால் பார்க்கும் உரிமை போலீஸ் போன்ற விசாரணை அமைப்புகளுக்கு மட்டுமே. ஊரறியப் பெயர்ப்பலகை மாட்டச் சொல்லவில்லை ஐயா. பிள்ளையை ஒப்படைக்கப்போகும் ஒரு தாய் பெயரைக் கொடுத்தால், உண்டா இல்லையா என்று சொல்ல ஒரு கவுன்டர் திறக்கக் கூடாதா?

2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமி எல்லாமே ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லோருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு நடத்தியாக வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியும் அதில் வருமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அதுவரை பொறுமை இருக்காது.

அறிக்கைகள் வரும்வரை குழந்தையை அவரிடம் தனியே விட வேண்டாம். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். ஏஜென்சியிடம் வெரிஃபிகேஷனுக்கு வாங்கிய பணத்துக்கு அரசு ரசீது கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.