வாலுக்கும் காலுக்கும் ஒரே ஹார்மோனா? ஜாம்ஷெட் டாட்டாவின் தைராய்டு ஆய்வு குறித்த கேள்வி பதில்

கேள்வி: தைராய்டு என்றாலே உடல் எடை, சோர்வு, மாத்திரை என்றுதான் எங்களுக்குத் தெரியும். உயிரியல் ஆய்வாளர் ஜாம்ஷெட் டாட்டா தம் தைராய்டு ஆய்வுக்குத் தலைப்பிரட்டையைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

பதில்: அதற்கு வழி போட்டவர்கள் அவருக்கு முந்தைய தலைமுறையினர். 1912-இல் குடர்நாட்ச் என்பவர் குதிரையின் தைராய்டுச் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்குத் தின்னக் கொடுத்தபோது, அவை உரிய அளவுக்கு வளராமலேயே மிகச் சிறிய தவளைகளாக மாறின. 1916-இல் பென்னட் ஆலன் தலைப்பிரட்டைகளின் தைராய்டை அகற்றிப் பார்த்தார். அவை தவளையாகாமல் தலைப்பிரட்டைகளாகவே பருத்துக்கொண்டு போயின. பம்பாயில் பிறந்து, லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டாட்டா, 1960-களின் தொடக்கத்தில் எலிகளை ஆராய்ந்து வந்தார். தைராய்டு ஹார்மோன் கொடுத்ததும் எலியின் ஆற்றல் செலவு உடனே கூடுவதில்லை என்பதையும், அது கூடுவதற்கு முன்பே கல்லீரல் செல்களின் உட்கருவில் மரபணுக்களின் செய்தியைப் படியெடுக்கும் ஆர்என்ஏவின் உற்பத்தி உயர்ந்துவிடுகிறது என்பதையும் அவர் கண்டார். ஹார்மோன் மரபணுக்களின் வழியாகவே வேலை செய்கிறது என்ற இந்த ஐயத்தை, விளைவு கண்ணுக்கு நேராகத் தெரியும் ஓர் உயிரில் சோதிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: வெட்டியெடுத்த வாலை மட்டும் வைத்துச் சோதனை செய்தார் என்று படித்தேன். உடலே இல்லாதபோது அதில் என்ன தெரியும்?

பதில்: உடல் இல்லை என்பதுதான் அச்சோதனையின் பலம். வால் கண்ணாடித் தட்டில் ஊட்டக் கரைசலில் கிடக்கிறது. அதற்கு மூளையும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. அப்படியே விட்டால் பல நாட்கள் உருக்குலையாமல் இருக்கும். கரைசலில் சிறிதளவு டி3 என்ற தைராய்டு ஹார்மோனைச் சேர்த்தால், சில நாட்களில் துடுப்புப் பகுதி சுருங்கி, வால் முழுவதும் குறுகிக் கட்டையாகிவிடும். ஆக, கட்டளையைப் புரிந்துகொள்ளும் திறன் வாலிலேயே இருக்கிறது.

ஆனால் 1966-இல் அவர் வெளியிட்ட முடிவின் உயிர்நாடி அடுத்த படியில் இருந்தது. ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசினையும் ஹார்மோனுடன் சேர்த்தபோது வால் சுருங்கவில்லை. புரத உற்பத்தியைத் தடுத்தபோதும் அப்படியே. அழிவு என்பது செல் தன் வேலையை நிறுத்திவிடுவதால் நேர்வது என்றுதான் நாம் எளிதில் நினைப்போம். இங்கோ, சாவதற்கே செல் புதிதாக ஆர்என்ஏவையும் புரதத்தையும் உருவாக்க வேண்டியிருந்தது. செல்களின் இத்தகைய திட்டமிட்ட இறப்புக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் சூட்டப்பட்டதே 1972-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறிய சோதனையின் மதிப்பு விளங்கும்.

கேள்வி: அதே ஹார்மோன் காலை வளர்த்து வாலை அழிப்பது எப்படி?

பதில்: ஹார்மோன் 'வளர்' என்றோ 'அழி' என்றோ சொல்வதில்லை. செல்லின் உட்கருவில் அதற்கென ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறது. அதை உருவாக்கும் மரபணு 1986-இல் அடையாளம் காணப்பட்டது. ஹார்மோன் இல்லாதபோது அந்த ஏற்பி சில மரபணுக்களின் மேல் அமர்ந்து அவற்றை அடக்கி வைக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் அதே ஏற்பி அவற்றை முடுக்கிவிடுகிறது. எந்த மரபணுக்கள் முடுக்கப்படக் காத்திருக்கின்றன என்பது திசுவுக்குத் திசு வேறு.

நேரமும் அப்படித்தான். கால் மொட்டில் டி4 என்ற மற்றொரு தைராய்டு ஹார்மோனை வீரியமிக்க டி3-ஆக மாற்றும் நொதி இருப்பதால், இரத்தத்தில் ஹார்மோன் குறைவாக இருக்கும்போதே கால் வளரத் தொடங்கிவிடுகிறது. வாலில் டி3-ஐச் செயலிழக்கச் செய்யும் நொதி இருப்பதால், ஹார்மோன் உச்சத்தை எட்டும்வரை வால் தாக்குப்பிடிக்கிறது. முறை மாறி வால் முந்திக்கொண்டிருந்தால், நீந்தவும் குதிக்கவும் முடியாத பிராணிதான் மிஞ்சும்.

கேள்வி: புரோலாக்டின் என்ற ஹார்மோன் இந்த உருமாற்றத்தைத் தடுக்கும் என்கிறார்களே?

பதில்: தட்டில் வளர்க்கும் திசுக்களில் தடுக்கிறது. டி3 தன் ஏற்பியின் மரபணுவையே தூண்டி ஏற்பியைப் பெருக்கிக்கொள்கிறது என்று 1990-களில் காட்டிய டாட்டா குழுவினர், புரோலாக்டின் அந்தப் பெருக்கத்தை நிறுத்துவதையும் கண்டனர். ஆனால் பின்னர் வேறு ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தால் புரோலாக்டினை மிகுதியாகச் சுரக்கவைத்த தலைப்பிரட்டைகள் தவளைகளாகவே மாறின. வால் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆகவே புரோலாக்டினை உருமாற்றத்தின் பொதுத் தடையாகக் கொள்வது மிகை என்பது என் கருத்து.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் ஆக்சலாட்டில் என்ற, நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகைப் பிராணியை வளர்க்கிறேன். தைராய்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் அது தரைக்கு வந்துவிடுமா?

பதில்: மாறக்கூடும், 1913-இலேயே லாஃப்பெர்கர் தைராய்டு ஊட்டி அதை மாற்றிக் காட்டினார். ஆனால் அளவு சற்றுப் பிசகினாலும் பிராணி இறந்துபோகலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: மனிதக் குழந்தைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. நம் உடலிலும் இதே டி3, இதே வகை ஏற்பிகள்தான். கருவின் தைராய்டு முழு அளவில் இயங்கத் தொடங்கும்வரை அதன் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பியிருக்கிறது. கர்ப்பிணிக்கு அயோடின் குறையக்கூடாது என்று சொல்லப்படுவதன் காரணம் அதுவே. பிறவியிலேயே தைராய்டுக் குறைபாடுள்ள குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளைப் பாதிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதனால்தான் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

கேள்வி: எல்லா விலங்குகளிலும் ஹார்மோன் கூடினால்தான் உருமாற்றம் நிகழுமா?

பதில்: இல்லை. ஒரு கண் மறுபக்கத்துக்கு நகரும் தட்டை மீன்களில் தவளையைப் போலவே ஹார்மோன் கூடித்தான் உருமாற்றம் நடக்கிறது. விலாங்கு போல் நீண்ட, தாடையற்ற மீனான லாம்ப்ரேயிலோ இரத்தத்தில் ஹார்மோன் சரியும்போதுதான் அது தொடங்குகிறது.